போலரைசரைச் சுழற்றியும் ஒன்றும் மாறவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஜனவரி மாதத்து மாலையொன்றில், கொழும்புக் காலிமுகத்திடலில், என் அக்காவின் மகன் புதிதாக வாங்கிய சிபிஎல் பில்டரை, அதாவது பிரதிபலிப்பையும் வானத்தின் வெளிறலையும் குறைக்கும் வட்ட போலரைசரை, லென்ஸில் பொருத்தி, மறையப் போகும் சூரியனுக்கு நேரே கமராவைப் பிடித்தபடி வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இவ்வளவு காசு குடுத்து வாங்கினது, ஒண்டும் நடக்குதில்லை" என்றான். கடலுக்குப் பக்கவாட்டாக, கோட்டைப் பகுதியின் உயர்ந்த கட்டடங்களை நோக்கித் திரும்பச் சொன்னேன். அங்கே கால் சுற்றுச் சுற்றியதும் வெளிறிக் கிடந்த வானம் ஆழ்ந்த நீலமாயிற்று. போலரைசரைப் பற்றி என்னிடம் வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. பில்டர் நன்றாகவே இருக்கும். சூரியனுக்கும் பொருளுக்கும் கமராவுக்கும் இடையிலுள்ள கோணம்தான் பிழைத்திருக்கும். ஆகவே பின்வரும் அறிகுறிகள் ஒவ்வொன்றிலும் பில்டரைக் குறை கூறும் முன் கோணத்தைப் பார்க்கும்படியே எழுதியிருக்கிறேன்.

பில்டர் உண்மையில் போலரைசர்தானா என்ற ஐயம்

வீட்டிலேயே இரண்டு நிமிடத்தில் தீர்த்துக்கொள்ளக்கூடிய ஐயம் இது. பில்டரின் மரையுள்ள பக்கம் உங்கள் கண்ணை நோக்கியும் மற்றப் பக்கம் கணினியின் எல்சிடி திரையை நோக்கியும் இருக்கும்படி பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே முனைவாக்கப்பட்ட ஒளி, அதாவது அதன் அதிர்வு ஒரே தளத்துக்கு ஒடுங்கியது. எனவே நல்ல போலரைசர் ஒரு நிலையில் திரையை ஏறத்தாழ முழுக் கறுப்பாக்கிவிடும், அங்கிருந்து கால் சுற்றுச் சுற்றினால் திரை மீண்டும் வெளிச்சமாகும். மாற்றமே தெரியவில்லையென்றால் உங்கள் கையிலிருப்பது வெறும் சாம்பல் நிறக் கண்ணாடிதான். பில்டரைத் திருப்பிப் பிடித்தால் திரை கறுக்காது, சற்று மஞ்சளாகவோ நீலமாகவோ மட்டும் மாறும். பலர் இந்த நிலையில் பார்த்துவிட்டுத்தான் "போலி" என்று முடிவு செய்கிறார்கள்.

வட்ட போலரைசரா, நேர்கோட்டு போலரைசரா என்பதை அறியக் கண்ணாடி முன் நில்லுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடிதான். மரையுள்ள பக்கம் கண்ணாடியை நோக்கியிருக்க, பில்டரை ஒரு கண்ணுக்கு முன் பிடித்து அதனூடாகப் பார்த்தால், கண்ணாடியில் தெரியும் பில்டர் கறுத்திருக்கும், உங்கள் கண் தெரியாது. திருப்பிப் பிடித்தால் கண் தெரியும். இப்படி ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் தெளிந்தால் அது வட்ட போலரைசர். இரண்டு பக்கமும் தெளிவாகவே இருந்தால் நேர்கோட்டு போலரைசர். வட்ட போலரைசரின் பின்புறத்தில், நேர்கோட்டு முனைவாக்கத்தை வட்ட முனைவாக்கமாக மாற்றும் கால் அலைத் தகடு ஒன்று ஒட்டப்பட்டிருப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். டிஎஸ்எல்ஆர் கமராக்களில் ஒளியின் ஒரு பகுதியை மட்டும் கடத்தும் கண்ணாடி இருப்பதால், நேர்கோட்டு போலரைசர் அவற்றின் ஒளி அளவீட்டையும் தன்னியக்கக் குவிப்பையும் குழப்பக்கூடும். மிரர்லெஸ் கமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. பழைய பிலிம் காலத்து நேர்கோட்டு போலரைசர் பரணில் கிடந்தால் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

வளையத்தைச் சுழற்றினாலும் வானத்தில் மாற்றமில்லை

முதலில் சூரியன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நீல வானத்தின் ஒளி, சூரியனிலிருந்து 90 பாகை விலகிய திசையில்தான் அதிகமாக முனைவாக்கப்பட்டிருக்கும். சூரியனை நோக்கியோ, சூரியனுக்கு நேர் முதுகு காட்டியோ எடுக்கும் படங்களில் பில்டருக்கு வெட்டுவதற்கு எதுவுமே கிடைப்பதில்லை. சுட்டுவிரலையும் பெருவிரலையும் செங்கோணமாக விரித்து, சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டியபடி மணிக்கட்டைத் திருப்பினால், பெருவிரல் காட்டிச் செல்லும் பட்டையெல்லாம் பில்டர் நன்றாக வேலை செய்யும் வானம்.

கொழும்பில் இந்த விதி சற்றுத் தனியான முறையில் நடக்கிறது. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாகக் கிழக்கிலோ மேற்கிலோ நிற்கும்போது, அந்தப் பட்டை வடக்கில் தொடங்கித் தலைக்கு மேலாக ஓடித் தெற்கில் இறங்கும். நமது கடற்கரை ஏறத்தாழ வடக்குத் தெற்காக நீள்வது நல்ல வாய்ப்பு: கரையோரமாகக் கோட்டைப் பக்கமோ கல்கிசைப் பக்கமோ பார்த்து எடுத்தால் பில்டரின் முழுப் பயனும் கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் மேற்கிலிருந்து தெற்கே சற்றுச் சாய்ந்து மறைவதால், சிறந்த திசையும் வடக்கிலிருந்து மேற்குப் பக்கமாகச் சற்று நகரும்.

நண்பகல் வேறு கதை. கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டியும் செப்டம்பர் முதல் வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். அப்போது 90 பாகைப் பட்டை அடிவானத்தைச் சுற்றி வளையமாகப் படுத்துவிடும். எந்தத் திசையில் திரும்பினாலும் பயன் இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லும். நடைமுறையில் கிடைப்பது சொற்பம், ஏனென்றால் அடிவானத்தை ஒட்டித்தான் ஈரப்பதமும் தூசியும் வாகனப் புகையும் தடித்துக் கிடக்கின்றன. நீர்த்துளி போன்ற பருத்த துணிக்கைகளில் பட்டுச் சிதறும் ஒளி பெரிதும் முனைவாக்கம் இழந்தது. மேகமும் அப்படித்தான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வானம் பால் வெள்ளையாக மூடிக் கிடக்கும் நாளில் எந்த விலையுயர்ந்த பில்டரும் நீலத்தை உண்டாக்காது; இல்லாத நிறத்தை வெட்டி வெளியே எடுக்க முடியாது.

வானத்தின் நடுவே கருநீலப் பட்டை விழுகிறது

இது முந்தைய அறிகுறியின் மறுபக்கம். பில்டர் அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்திருக்கிறது. முழுச் சட்டகக் கமராவில் 16 மில்லிமீற்றர் லென்ஸ் கிடையாக ஏறத்தாழ 97 பாகை அகலத்தைப் பிடிக்கிறது. அத்தனை அகலத்துக்குள் முனைவாக்கம் உச்சமாக உள்ள பகுதியும் அறவே இல்லாத பகுதியும் ஒருங்கே வந்துவிடுவதால், ஒரு புறம் வெளிறியும் நடுவே கறுத்தும் வானம் திட்டுத் திட்டாகிவிடும். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலைக் குறுகிய தெருவிலிருந்து அகன்ற லென்ஸால் எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும், ஏனெனில் அங்கே பின்வாங்கி நிற்க இடமில்லை.

28 மில்லிமீற்றருக்குக் கீழே போகும்போது பில்டரை உச்ச நிலையில், அதாவது விளைவு மிக வலுவாகத் தெரியும் நிலையில், வைக்காமல், விளைவு பாதியாகும்வரை திருப்பி வையுங்கள். பல படங்களை ஒட்டிப் பரந்த காட்சி அமைப்பதாக இருந்தால் பில்டரைக் கழற்றிவிடுவதே நல்லது. பட்டையைப் பின்னர் மென்பொருளில் சமன் செய்யலாம் என்பவர்களும் உண்டு. நான் இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் மாலைப் பொழுதை வீணாக்கினேன்.

கடைக் கண்ணாடியிலும் நீரிலும் பிரதிபலிப்பு போகவில்லை

போலரைசரை வாங்குவதற்கு வானத்தை விடவும் நல்ல காரணம் இதுதான் என்பது என் கருத்து. வானத்தின் நீலத்தை ஓரளவுக்கு மென்பொருளில் கூட்டலாம், பிரதிபலிப்பின் அடியில் மறைந்த விவரத்தை எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது.

கண்ணாடியும் நீரும் தம்மில் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் முழுமையாக முனைவாக்குகின்றன. 1815இல் டேவிட் புரூஸ்டர் வகுத்த விதிப்படி, நீருக்கு அக்கோணம் மேற்பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 53 பாகை, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 56 பாகை. மேற்பரப்பிலிருந்து அளந்தால் முறையே 37, 34 பாகை. இந்தக் கோணத்துக்கு வெளியே போகப் போகப் பில்டரின் பிடி தளரும்.

செட்டியார் தெருவில் நகைக்கடைக் காட்சிப் பெட்டிக்கு நேர் எதிரே நின்று எடுத்தால், உங்கள் உருவமும் பின்னால் நிற்கும் முச்சக்கர வண்டியும் கண்ணாடியில் அப்படியே இருக்கும். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் போகாது. கண்ணாடிக்குச் சரிவாக, நேர் எதிர்த் திசையிலிருந்து செங்கோணத்தில் பாதிக்குச் சற்று மேலாக ஒதுங்கி நின்று பாருங்கள். வளையத்தைத் திருப்பும்போது தெருவின் நிழலுரு மெல்லக் கரைந்து, உள்ளே சிவப்பு வெல்வெட்டில் படுத்திருக்கும் அட்டியலின் கல்வரிசை ஒவ்வொன்றாக எழும்பி வரும். தங்கத்தின் மினுக்கம் மட்டும் குறையாது. உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளியைப் போலரைசரால் பெரிதாகத் தொட முடியாது என்பது இங்கே நமக்குச் சாதகம்: கண்ணாடி போகும், பொன் நிற்கும். தேரின் பித்தளைக் கவசத்தின் கண்கூச்சத்தைக் குறைக்கப் பில்டரை மாட்டுபவர் ஏமாறுவதும் இதே காரணத்தால்தான். ஆனால் வாகனத்தின் சாயம் பூசிய உடல் வேறு. அங்கே ஒளி தெறிப்பது உலோகத்தில் அல்லாமல் சாயத்தின் மேற்பரப்பில் என்பதால் பில்டர் வேலை செய்யும், பக்கத்திலேயே உள்ள குரோமியக் கம்பி மட்டும் பளபளத்துக்கொண்டிருக்கும்.

நீரில் கணக்கு இன்னும் கண்டிப்பானது. பேரை ஏரிக் கரையில் கமரா நீர்மட்டத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் இருந்தால், 37 பாகைக் கோணம் விழும் இடம் உங்களிலிருந்து ஏறத்தாழ 2.7 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றித்தான் நீரின் மேற்பரப்பு முழுமையாகத் திறக்கும். தூரத்தே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகத்தின் கூரை நீரில் விழுந்து கிடக்கும் பகுதியை நீங்கள் மிகத் தாழ்ந்த சாய்வில் பார்ப்பதால், அந்தப் பிரதிபலிப்பு பெரிதாகக் குறையாது. குறைய வேண்டிய தேவையும் இல்லை. பேரை ஏரியின் நீர் பெரும்பாலும் பாசிப் பச்சை. பிரதிபலிப்பை அகற்றினால் அடியில் தெரியப்போவது மீனும் கூழாங்கல்லும் இல்லை, கலங்கல்தான். இந்த இடத்தில் பில்டரை உச்ச நிலையிலிருந்து கால் சுற்று விலகிய எதிர் நிலைக்குத் திருப்பிப் பிரதிபலிப்பை வலுப்படுத்துவதே தக்கது. உள்ளே காட்ட ஏதேனும் இருக்கும் நீருக்கு, அல்லித் தண்டுகள் தெரியும் தலங்கமப் பக்கத்துக் குளங்களுக்கு, உச்ச நிலையை வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் சூரியன் போடும் வெள்ளித் தகட்டைக் குறைக்க விரும்புவோர் நேரத்தையும் பார்க்க வேண்டும். சூரியன் அடிவானத்திலிருந்து 37 பாகை உயரத்தில் நிற்கும் வேளையில், அதாவது நம் ஊரில் பிற்பகல் மூன்றரை மணியையொட்டி, அந்தப் பளபளப்பைப் பில்டர் நன்றாக அடக்கும். ஆறு மணிக்கு அதே இடத்தில் அதே பில்டர் அநேகமாகக் கைவிட்டுவிடும்.

மழை நாளில் இலைகள் வெளிறித் தெரிகின்றன

மேகமூட்டமென்றால் போலரைசர் பயனற்றது என்று பைக்குள் போட்டுவிட்டவர்களின் படங்களில் இந்த அறிகுறியைக் காணலாம். வானத்துக்குத்தான் அது பயனற்றது. விகாரமகாதேவிப் பூங்காவில் மழை விட்டதும் இலைகள் எல்லாம் வெள்ளி பூசியதுபோல் தெரிவது, ஈரப் பரப்பு சாம்பல் வானத்தைத் தெறிப்பதால். அந்தப் படலத்தைப் பில்டர் நீக்கியதும் இலையின் சொந்தப் பச்சை வெளிவரும். ஈரச் செம்மண்ணுக்கும் நனைந்த தார்ச்சாலைக்கும் ஓட்டுக் கூரைக்கும் இது பொருந்தும். ஆண்டில் அதிக நாட்கள் என் பில்டர் லென்ஸில் இருப்பது மழைக்காலத்தில்தான்.

படங்கள் அசைந்து மங்கலாக வருகின்றன

போலரைசர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தைக் குடிக்கும் (ஒரு ஸ்டாப் குறைவதென்றால் வெளிச்சம் பாதியாவது). ஒன்றரை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரி. கமராவின் ஒளிமானி இதைத் தானாகவே ஈடுசெய்வதால் படம் இருளாகாது. ஆனால் பில்டர் இல்லாமல் எஃப் 8, ஐஎஸ்ஓ 100இல் 1/250 நொடி கிடைத்த இடத்தில், பில்டர் மாட்டியதும் ஏறத்தாழ 1/90 நொடிதான் கிடைக்கும். 200 மில்லிமீற்றர் லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க அது போதாது. ஐஎஸ்ஓவை 320க்கு ஏற்றினால் இழந்தது திரும்பிவிடும். கோயில் உள்வீதி, இரவுத் தெரு, மண்டபத்துத் திருமணம் ஆகியவற்றில் பில்டரைக் கழற்றிவிடுங்கள்; விளக்குகளின் ஒளி பில்டரில் தெறித்துப் படத்தில் விழும் போலி உருவமும் அப்போது குறையும்.

குவித்ததும் சரிசெய்தது கலைந்துவிடுகிறது

பழைய 18-55 கிட் லென்ஸ்கள் சிலவற்றில் குவிக்கும்போது முன் கண்ணாடியும் சேர்ந்து சுழலும்; பில்டரும் கூடவே சுழன்றுவிடும். முதலில் குவித்துவிட்டுப் பிறகு பில்டரைத் திருப்புங்கள். கமராவைக் கிடையிலிருந்து நெடுக்காகத் திருப்பினாலும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். வளையத்தை எப்போதும் இறுகும் பக்கமாகவே சுற்றிப் பழகுங்கள்: கமராவுக்குப் பின்னால் நின்று பார்ப்பவருக்கு அது இடஞ்சுழி. மறுபக்கம் சுற்றிப் பழகியவர்களின் பில்டர் ஒரு நாள் வெள்ளவத்தைக் கற்களுக்கிடையே விழும்.

படத்தின் மூலைகள் கறுக்கின்றன

யூவி பில்டருக்கு மேல் போலரைசரை மாட்டியிருப்பீர்கள். யூவியைக் கழற்றுங்கள். தனியே மாட்டியும் கறுத்தால் மெல்லிய வளையமுள்ள பில்டர் தேவை.

கண்ணாடியில் வானவில் நிறங்கள் அல்லது புள்ளிக் கோலங்கள்

கட்டுநாயக்காவிலிருந்து எழும் விமானத்தின் யன்னலூடாக எடுத்த படத்தில் ஊதாவும் பச்சையுமாக எண்ணெய் படிந்ததுபோல் நிறங்கள் தோன்றுவதற்குக் காரணம், யன்னல் பிளாஸ்டிக்கின் உள் அழுத்தம். பஸ்ஸின் கடினப்படுத்திய பக்கக் கண்ணாடியில் இதே அழுத்தம் வரிசையான புள்ளிகளாகத் தெரியும். பில்டரைச் சுழற்றினால் நிறம் மாறுமே தவிரப் போகாது. கழற்றுவதே ஒரே வழி. கரையோர ரயிலில் யன்னலைத் திறந்துவிடலாம் என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

இதற்கு நேர்மாறாக, கண்ணெதிரே நிற்கும் வானவில் படத்தில் காணாமற்போகும் அறிகுறியும் உண்டு. வானவில்லின் ஒளி மிக வலுவாக முனைவாக்கப்பட்டது. பில்டர் பிழையான நிலையில் இருந்தால் வில்லின் ஒரு துண்டு அறவே அழிந்துவிடும். ஒக்டோபர், நவம்பர் மாத மாலை இடிமழைக்குப் பிறகு, கடலுக்கு முதுகு காட்டி நகரத்துப் பக்கம் வானவில்லைத் தேடுபவர்கள், கண்ணை வியூபைண்டரில் வைத்து வளையத்தைத் திருப்பி வில் பளிச்சிடும் நிலையில் நிறுத்த வேண்டும்.

முகங்கள் உயிரற்றுத் தெரிகின்றன

ஆடிவேல் ஊர்வலத்தில் வேர்வையோடு நடப்பவரின் நெற்றியில் விழும் சிறு ஒளிதான் முகத்துக்குத் திரட்சியைத் தருகிறது. பில்டரை உச்சத்தில் வைத்தால் அது துடைக்கப்பட்டு, முகம் மாவு பூசியதுபோல் தட்டையாகும். பாதி நிலையில் எடுங்கள். நெற்றி எண்ணெய் வழிந்து கண்கூசும் நண்பகலில் மட்டும் சற்று மிகுதியாகத் திருப்பலாம்.

பில்டர் லென்ஸிலிருந்து கழல மறுக்கிறது

இறுகும் பக்கமாகச் சுற்றிப் பழகுங்கள் என்று மேலே சொன்னதற்கு நாம் கொடுக்கும் விலை இது. அலுமினிய மரையும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் பிடி இன்னும் இறுகும். வலுவாகப் பற்றிப் பிடித்தால் மெல்லிய வளையம் நீள்வட்டமாக நசுங்கி மரையில் மேலும் இறுகுமே தவிரக் கழலாது. சாதாரண பில்டருக்குச் சொல்லப்படும் உத்தி, இறப்பர்ச் செருப்பின் அடியை முன்பக்கத்தில் அழுத்தித் திருப்புவது. போலரைசரில் அது பலிக்காது, முன் வளையம் தன் பாட்டுக்குச் சுழல, பின் வளையம் அசையாமல் கிடக்கும். என் பழைய பில்டரோடு அரை மணி நேரம் இப்படி மல்லுக்கட்டிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

பிடிக்க வேண்டியது லென்ஸை ஒட்டியுள்ள அந்தக் குறுகிய பின் வளையத்தை. அகலமான இறப்பர் வளையம் ஒன்றை அதன்மேல் இரண்டு சுற்றாகப் பொருத்தி, ஐந்து விரல்களின் நுனியையும் சம அளவில் வைத்து, அழுத்தாமல் திருப்புங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த லென்ஸ் என்றால் ஈரம் காயும்வரை பொறுத்திருங்கள். எண்ணெய் எதையும் விட வேண்டாம். அது கண்ணாடிப் பூச்சுக்கும் வளையத்தின் உள்ளேயும் போய்விடும். கழன்றதும் மரையில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பழைய பற்தூரிகையால் தட்டி எடுங்கள். அப்போது லென்ஸை முகம் கீழாகப் பிடித்திருந்தால் துகள் கண்ணாடியில் விழாது.